பீரங்கிக் காசு: ஓர் அரசர் கொடுத்த வாக்கின் வரலாறு

பழங்காசு சேகரிப்போரின் பேழைகளில், பொன்னும் வெள்ளியும் ஒளிவிடும் வரிசைகளுக்கு நடுவே, சில செம்புக் குடத்தின் சிவப்பிலும், சில வெண்கல மணியின் மஞ்சளிலும், பெரும்பாலானவை இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மங்கிய பழுப்பிலும் கிடக்கும் ஒரு வகைக் காசுகளை, அவற்றின் வரலாறு அறியாதவர் இரண்டாம் முறை ஏறிட்டுப் பார்ப்பது அரிது. அவற்றுள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஒரு புறத்தில் வாகை மாலை சூடி இடப்பக்கம் நோக்கிய ஓர் அரசரின் தலையும், அதைச் சூழ்ந்து, தெய்வ அருளால் அரசரான இரண்டாம் ஜேம்ஸ் என்னும் பொருள்பட்ட லத்தீன் எழுத்துகளும் தெரியும். மறுபுறத்தில், குறுக்காக வைக்கப்பட்ட இரண்டு செங்கோல்களும், அவற்றின்மேல் ஒரு மணிமுடியும், முடியின் இருபக்கங்களிலும் அரசரின் பெயரெழுத்தும் பதவியெழுத்தும், உச்சியில் முப்பது பென்னி என்னும் மதிப்பைக் காட்டும் ரோமானிய எண்ணும், அடியில், ஐரோப்பிய நாணயங்களில் மிக அபூர்வமாகவே காணக்கூடிய ஒரு குறிப்பும் இருக்கும். அக்குறிப்பு ஒரு மாதத்தின் பெயர்.

இக்காசு அயர்லாந்தில் 1689-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 1690-ஆம் ஆண்டின் பிற்பகுதிவரை அடிக்கப்பட்டது. பழைய பீரங்கிகளை உருக்கி அடித்தார்கள் என்பதால் 'பீரங்கிக் காசு' என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. அடித்தவர் இங்கிலாந்தின் சிம்மாசனத்தை இழந்த ஓர் அரசர். இது மோசடியா, அன்றி நிறைவேற்ற முடியாமற்போன ஒரு வாக்குறுதியா என்ற வினாவுக்கு முந்நூறு ஆண்டுகளாகச் சரித்திராசிரியர்களும் நாணய ஆராய்ச்சியாளரும் வெவ்வேறு விடைகள் கூறிவந்திருக்கின்றனர். அவ்விடைகளை நிறுத்துப் பார்ப்பதும், இவ்வினாவில் இதுவரை போதிய கவனம் பெறாத ஒரு பக்கத்தை, அதாவது காசு கடைசியாக யார் கையில் இருந்தது என்பதை, எடுத்துக்காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டாம் ஜேம்ஸ் 1685-இல் பட்டத்துக்கு வந்தவர், கத்தோலிக்கர். அவருடைய மருமகனும் ஹாலந்து நாட்டுத் தலைவருமான வில்லியம் 1688-இன் இறுதியில் படையுடன் இங்கிலாந்தில் இறங்கியதும், சேனாபதிகள் ஒருவர்பின் ஒருவராகக் கைவிட, அவர் பிரான்ஸுக்குத் தப்பி ஓடினார். அவர் முடியைத் துறந்துவிட்டதாகவே கொண்டு, அடுத்த பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரதிநிதிகள் வில்லியத்துக்கும் ஜேம்ஸின் மகள் மேரிக்கும் அம்முடியை அளித்தனர். ஆனால் கடலுக்கு அப்பால் அயர்லாந்து வேறொரு கணக்குப் போட்டது. அங்கே பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஆட்சிப் பொறுப்பில் இருந்த டிர்கானெல் பிரபு ஜேம்ஸின் விசுவாசி. ஆகவே, பதினான்காம் லூயி கொடுத்த கப்பல்களோடும், ஐந்து லட்சம் கிரௌன் பணத்தோடும், பிரெஞ்சு ஸ்தானாதிபதி டாவோ உடன்வர, ஜேம்ஸ் 1689 மார்ச் 12-இல் கின்சேல் துறைமுகத்தில் இறங்கி, அந்த மாதத்திலேயே டப்ளின் நகரில் பிரவேசித்தார். ஒரு ராஜ்யத்தில் முடி இழந்தவர், மற்றொன்றில் இன்னும் முடி தரித்தவராகவே இருந்தார் என்ற இந்த இரட்டை நிலையை நாம் மறக்கலாகாது. பின்னால் வரும் விவாதத்துக்கெல்லாம் வேர் இதில்தான் இருக்கிறது.

அவர் வந்து சேர்ந்த நாட்டில் பணம் இல்லை. அயர்லாந்துக்கு வெள்ளிக் காசு அடிக்கும் அக்கசாலை சொந்தமாக இல்லாததால், அங்கே வழங்கியவை ஆங்கில ஷில்லிங்குகளும், ஸ்பானிய, பிரெஞ்சு, போர்ச்சுகீசியக் காசுகளும் கலந்த ஒரு பலநாட்டுக் கூட்டம். அதிலும் கைப்பொருள் உள்ள புராட்டெஸ்டண்டு வியாபாரிகளும் நிலச்சுவான்தார்களும் முந்தைய இரண்டாண்டுகளாகவே கிட்டியதை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்தனர். டப்ளினுக்கு வந்தவுடன் ஜேம்ஸ் பொன், வெள்ளிக் காசுகளின் மதிப்பை உயர்த்தி ஒரு பிரகடனம் வெளியிட்டு, ஓர் ஆங்கில ஷில்லிங் பன்னிரண்டு பென்னிக்குப் பதிலாகப் பதின்மூன்று பென்னிக்குச் செல்லும் என்று ஆணையிட்டார். மே மாதம் கூடிய பாராளுமன்றம் மாதந்தோறும் 20,000 பவுன் வரியாகத் தர ஒப்புக்கொண்டது. ஆனால் யுத்தத்தால் கால்நடை அழிந்து, வாணிகம் முடங்கி, அறுவடை பாழான நாட்டில் வரியை விதிப்பது ஒன்று, வசூலிப்பது வேறொன்று. முப்பதாயிரம் பேருக்கு மேற்பட்ட ஒரு சேனை சம்பளத்துக்குக் காத்திருந்தது.

இந்த நிலையில்தான் 1689 ஜூன் 18-இல் முதற்பிரகடனம் வெளிவந்து, ஆறு பென்னிக் காசுகள் மட்டமான உலோகத்தில் அடிக்கப்படலாயின. பத்து நாளைக்குள் ஷில்லிங்குக்கும் அரைக்கிரௌனுக்கும் அதே வழி திறந்தது. டப்ளினில் கேப்பல் தெருவில் அரைப்பென்னிகளை அடித்துவந்த ஒரு தனியார் பட்டறை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அங்கிருந்த இரண்டு அச்சு யந்திரங்களுக்கு 'ஜேம்ஸ்' என்றும் 'சீமாட்டி' என்றும் பெயரிட்டு, வேலையாட்களை முறைவைத்து ஓட்டினார்கள். அடுத்த ஆண்டின் முற்பகுதியில் லிமெரிக் நகரிலும் ஓர் அக்கசாலை ஏற்பட்டது.

உலோகம் எங்கிருந்து வந்தது என்ற விஷயம் தனியே நின்று பார்க்கத்தக்கது. பீரங்கிக் காசு என்ற பெயர் கம்பீரமாக இருந்தாலும், உருக்குலையில் விழுந்தவை பீரங்கிகள் மட்டுமல்ல. உடைந்த மணிகள், குடிகளின் அடுக்களைச் சட்டிகள், விளக்குத்தண்டுகள், கதவுக் கைப்பிடிகள், பழைய செம்புத் தகடுகள் என்று, எடை போட்டு விற்கும் கடையில் என்னென்ன குவியுமோ அவையெல்லாம் அங்கே குவிந்தன. டப்ளின் கோட்டை முற்றத்தில் பயனற்றுக் கிடந்த பழைய பீரங்கிகளைத் தரும்படி அக்கசாலை அதிகாரிகள் எழுதிக் கேட்டார்கள். பிரான்ஸிலிருந்தும் செம்பும் பழம்பீரங்கிகளும் வேண்டும் என்று கோரிக்கைகள் போயின. உருக்கும் ஒவ்வொரு பாகத்திலும் செம்பு, துத்தநாகம், ஈயம், தகரம் ஆகியவற்றின் விகிதம் மாறிக்கொண்டே இருந்ததால்தான், இன்று பத்துக் காசுகளை ஒரு வெள்ளைத் துணியின்மேல் பரப்பினால் பத்தும் பத்து நிறமாகத் தெரிகின்றன. அந்த நிற வேறுபாட்டில் ஒரு நாட்டின் வீட்டுச் சாமான்கள் அனைத்தும் கலந்திருக்கின்றன என்ற நினைவு வரும்போது, இக்காசை வெறும் பழம்பொருளாகப் பார்க்க மனம் இடந்தருவதில்லை.

ஒரு ராத்தல் உலோகத்தின் சந்தை விலை மூன்று அல்லது நான்கு பென்னி; அதிலிருந்து அடிக்கப்பட்ட காசுகளின் முகமதிப்பு ஏறக்குறைய ஐந்து பவுன், அதாவது ஆயிரத்து இருநூறு பென்னி. முந்நூறு மடங்கு, நானூறு மடங்கு என்ற இந்தப் பெருக்கத்தைக் கேட்டதும் எவருக்கும் முதலில் தோன்றுவது கொள்ளை என்ற சொல்லே. ஆயினும், அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறுமுன் பிரகடனத்தின் வாசகத்தைக் கவனிக்கவேண்டும். காசை வாங்க மறுப்பது தண்டனைக்குரியது என்று கட்டளையிட்ட அதே பிரகடனம், மூன்று விஷயங்களை அக்கட்டளையினின்றும் விலக்கியது: அந்நியச் சரக்குகளின்மேல் செலுத்தவேண்டிய சுங்க வரி, நம்பிக்கைப் பொறுப்பில் ஒருவரிடம் ஒப்புவிக்கப்பட்ட பணம், அடமானம் முதலிய பத்திரக் கடன்கள். அன்றியும், இக்காசின் செலாவணியை நிறுத்தும் காலம் வரும்போது, அதை வைத்திருப்போரிடமிருந்து அரசுக்குச் சேரவேண்டிய பணத்துக்கு ஈடாக அதையே ஏற்றுக்கொள்வதாகவும், அல்லது அதற்குச் சமமான முழு மதிப்பைப் பொன்னாகவோ வெள்ளியாகவோ கொடுப்பதாகவும் அரசர் வாக்களித்தார். எனவே, இந்தக் காசு தன்னை வெள்ளி என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. அது உலோகத்தில் எழுதிக்கொடுத்த ஒரு கடன் சீட்டு.

மாதத்தின் பெயர் பொறிக்கப்பட்டதற்கு வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம் இதனோடு பொருந்துகிறது. அரசர் தம் சிம்மாசனத்தை மீட்டபின், முதலில் அடித்த மாதத்துக் காசுகளை முதலிலும், அடுத்த மாதத்தவற்றை அடுத்தும் என்று படிப்படியாக மீட்டுக்கொள்வதற்காகவே மாதம் பொறிக்கப்பட்டது என்பர். அக்கசாலையில் எந்த மாதம் எவ்வளவு அடிக்கப்பட்டது என்று கணக்குச் சரிபார்ப்பதற்கும் அது உதவியிருக்கலாம் என்று கருத இடமுண்டு. ஆனால் இரண்டில் எதைக் கொண்டாலும் ஒன்று விளங்கும்: மீட்கும் எண்ணமோ கணக்குக் காட்டும் எண்ணமோ சிறிதும் இல்லாதவர், மாதத்துக்கு மாதம் புதிய அச்சு வெட்டும் வீண் வேலையைத் தம் ஆட்களுக்கு வைத்துக்கொள்ளமாட்டார்.

இம்மாதக் குறிப்புகள் பிற்காலத்தாரைப் பலமுறை திகைக்க வைத்திருக்கின்றன. செப்டம்பரை ஏழு என்ற எண்ணோடும், அக்டோபரை எட்டு என்ற எண்ணோடும், நவம்பரை ஒன்பது, டிசம்பரைப் பத்து என்ற எண்களோடும் சுருக்கி எழுதியிருக்கிறார்கள். அம்மாதப் பெயர்களின் லத்தீன் பொருளே ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்பதுதான். அதைவிட விசித்திரம், 1689 டிசம்பருக்குப் பின் அடித்த காசுகளில் 1689 ஜனவரி என்றும் 1689 பிப்ரவரி என்றும் காண்பது. அக்கால ஆங்கில வழக்கில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்ததால், சித்திரையில் ஆண்டு தொடங்கும் நம் பஞ்சாங்கத்தில் ஆடி முந்தியும் தை பிந்தியும் வந்து இரண்டும் ஒரே ஆண்டின் பெயரைத் தாங்குவது போல, அங்கும் டிசம்பரும் அதன் பின்வந்த ஜனவரியும் ஒரே ஆண்டைச் சேர்ந்தன. மார்ச் மாதத்தில் அடித்தவற்றுள் சிலவற்றில் 1689 என்றும் சிலவற்றில் 1690 என்றும் இருப்பதைக் காணும் சேகரிப்பாளர், ஓராண்டு இடைவெளி விட்டு அடிக்கப்பட்டவை என்று மயங்கிவிடக்கூடாது. இரண்டும் ஒரே மார்ச்சில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

இனி, கண்டித்தவர்களின் வாதத்தைக் கேட்போம். அவர்களுள் முதல்வர் வில்லியம் கிங் என்ற புராட்டெஸ்டண்டுப் பாதிரியார். டப்ளின் செயின்ட் பாட்ரிக் தேவாலயத்தின் தலைமைக் குருவாக இருந்த அவரை, ஜேம்ஸின் அரசாங்கம் 1689-இல் டப்ளின் கோட்டையில் சிறைவைத்தது. பிற்பாடு 1691-இல் அவர் வெளியிட்ட நூலில், பித்தளைக் காசைக் கொண்டு புராட்டெஸ்டண்டுகளின் சரக்குகள் பறிக்கப்பட்டன, நல்ல பணத்தில் கொடுத்த கடன்கள் இந்தக் காசால் தீர்க்கப்பட்டன, மறுத்தவர் மிரட்டப்பட்டனர் என்று விவரித்தார். முதற்பிரகடனம் அளித்த விலக்குகள் காலப்போக்கில் வெறும் எழுத்தாகிவிட்டன என்பதே அவர் குற்றச்சாட்டின் சாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெக்காலே தம் இங்கிலாந்துச் சரித்திரத்தில் கிங்கின் சாட்சியத்தையே அடிப்படையாகக் கொண்டு, பழைய கெண்டிகளை உருக்கிய சில்லுகளால் ஆயிரம் பவுன் அடமானங்கள் தீர்க்கப்பட்டதாகத் தம் இயல்பான வேகத்தோடு எழுதினார். மெக்காலே எழுதியதைப் படித்து வளர்ந்த தலைமுறைகளுக்கு ஜேம்ஸ் என்றாலே பித்தளைக் காசு என்றாகிவிட்டது.

கிங் சிறையிலிருந்து எழுந்து வந்து எழுதியவர், வென்ற கட்சியைச் சேர்ந்தவர் என்பதற்காக அவர் சாட்சியத்தைத் தள்ளிவிடுவது நியாயமன்று. கட்டாயச் செலாவணி எங்கே வந்தாலும் கடன் கொடுத்தவன் அழுவதும் கடன்பட்டவன் சிரிப்பதும் இயற்கை. டப்ளினில் அது நிகழாதிருந்தால்தான் ஆச்சரியம். நல்ல பணமும் கெட்ட பணமும் ஒரே மதிப்பில் வழங்கவேண்டும் என்று சட்டம் சொன்னால் நல்லது பெட்டிக்குள் போய்விடும் என்ற உண்மையும் அங்கே தவறாமல் நிரூபணமாயிற்று. பொன்னும் வெள்ளியும் கண்ணில் படாமல் மறைந்தன. வியாபாரிகள் சரக்கைப் பதுக்கினர். அரசாங்கம் விலைகளை நிர்ணயித்து ஆணைகள் பிறப்பித்தது. ஆணை பிறந்த சரக்குகள் சந்தையிலிருந்து காணாமற்போயின. இவற்றில் எதையும் மறுக்க இடமில்லை. ஆயினும், கிங்கும் மெக்காலேயும் இந்த நஷ்டத்தை ஒரு சமயத்தார்மேல் மற்றொரு சமயத்தார் ஏவிய கொடுமையாக மட்டுமே கண்டார்கள். காசின் இயல்பு அப்படிப்பட்டதன்று. கட்டாயக் காசு கையில் தங்காது. வாங்கியவன் வாங்கிய மாத்திரத்தில் அதை வேறொருவன் தலையில் கட்டவே பார்ப்பான். அப்படித் தள்ளிவிடும் திறமையும் சாதுரியமும் பழகிய வியாபாரிக்கு உண்டு. சம்பளமாகப் பெற்ற சிப்பாய்க்கும், கோழியும் வெண்ணெயும் விற்றுப் பெற்ற கிராமத்துப் பெண்ணுக்கும் இல்லை.

பிற்காலத்து நாணய ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் ஜேம்ஸின் பக்கம் சாய்ந்து, இதை நவீன காலத்துக் காகிதப் பணத்தின் முன்னோடி என்று புகழ்ந்தனர். மீட்கும் வாக்குறுதியும் மாதக் குறிப்பும் அவர்களுக்குப் பிரமாணமாயின. இக்கருத்திலும் பெரும்பகுதி உண்மை உண்டு என்று ஏற்றுக்கொள்ளும்போதே, ஒரு வித்தியாசத்தை நாம் அழுத்திச் சொல்லவேண்டும். காகிதப் பணத்தைத் தாங்கி நிற்பது ஒரு நாட்டின் வரிவருமானம். அரசர் மாறினாலும் நாடு நிற்கும், வரி வரும். பீரங்கிக் காசைத் தாங்கி நின்றதோ, இன்னும் நடக்காத ஒரு யுத்தத்தில் ஒரு மனிதர் வெல்வார் என்ற எதிர்பார்ப்பு. ஜேம்ஸ் மனமார வாக்களித்தார் என்றே வைத்துக்கொண்டாலும், அவர் அடமானம் வைத்தது தம் கையில் இல்லாத சொத்தை. தமிழில் காசுக்கும் சொல் தவறாமைக்கும் நாணயம் என்று ஒரே சொல் வழங்குகிறதே, அச்சொல்லின் இரு பொருளும் ஜேம்ஸின் காசில் ஒன்றிநிற்க முயன்று பிரிந்துபோயின. சொல்லில் நாணயம் இருந்தது. அதைக் காப்பாற்றும் வலிமை இருக்கவில்லை.

இது 1690-இன் வசந்தகாலத்தில் காசுகளின் மேலேயே தெரியத் தொடங்கியது. உலோகம் தீர்ந்துகொண்டிருந்தது. அரைக்கிரௌனும் ஷில்லிங்கும் உருவில் சிறுத்தன. மதிப்பு மட்டும் மாறவில்லை. முன்னர் அடித்த பெரிய அரைக்கிரௌன்களைத் திரும்பப் பெற்று, உருக்காமலே, அவற்றின்மேல் புதிய அச்சைப் பதித்து முழுக் கிரௌன்களாக வெளியிட்டார்கள். நேற்று முப்பது பென்னிக்குச் சென்ற அதே வட்டம், ஒரு தட்டுத் தட்டியதும், அறுபது பென்னி ஆயிற்று. இந்தக் கிரௌனின் ஒரு புறத்தில் அரசர் குதிரைமேல் வாளேந்தி அமர்ந்திருக்கிறார். மறுபுறத்தில் நடுவில் மணிமுடியும் அதைச் சுற்றிச் சிலுவைபோல் நான்கு கேடயங்களும், கிறிஸ்துவின் வெற்றியால் நான் வெற்றி காண்கிறேன் என்ற கருத்துள்ள லத்தீன் வாசகமும் இருக்கின்றன. நல்ல கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு குதிரையின் கால்களுக்கு இடையே உற்றுப் பார்த்தால், பழைய அரைக்கிரௌனில் இருந்த அரசரின் தலையில் ஒரு கீற்றோ, பழைய எழுத்துகளின் முதுகோ மேலெழுந்து தெரிவதைப் பல காசுகளில் காணலாம். மகுடம் இழந்த அரசரின் முகத்தின்மேல் அதே அரசரின் குதிரை ஏறி நிற்கிறது.

பென்னிக்கும் அரைப்பென்னிக்கும் செம்புகூடக் கட்டுப்படியாகாமல், ஈயமும் தகரமும் கலந்த வெள்ளீயத்தில் அடித்து, கள்ளக் காசைத் தடுக்க நடுவே ஒரு மஞ்சள் உலோகத் துண்டைப் பதித்தார்கள். வெள்ளீயத்தில் கிரௌனும் மிகச் சில அடிக்கப்பட்டன. அதன் விளிம்பைச் சுற்றி ஓடும் லத்தீன் எழுத்துகள், இது மேலான ஒரு விதியின் அடையாளம், ஆட்சியின் ஆறாம் ஆண்டு என்று சொல்கின்றன. ஆட்சியின் ஆறாம் ஆண்டு! லண்டனில் வேறொருவர் முடிசூடி ஓராண்டுக்கு மேலாகியும், ஜேம்ஸின் எண்ணத்தில் 1685-இல் தொடங்கிய ஆட்சி இடையறாமல் நடந்துகொண்டிருந்தது. அந்த விளிம்பெழுத்தை வெட்டச் சொன்னவர் உலகத்தை ஏமாற்ற நினைத்தவர் என்று என்னால் நம்ப முடியவில்லை. தாம் நம்பியதை மற்றவரும் நம்பவேண்டும் என்று ஆணையிட்டவர் அவர். அவருடைய தவறும் அதுதான்.

உலோகத்தின் குறைவைத் தெய்வத்தின் பெயரால் ஈடு செய்யும் வழக்கம் ஜேம்ஸுக்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. டில்லியில் முகம்மது பின் துக்ளக் 1329 வாக்கில் வெள்ளித் தங்காவுக்குப் பதிலாகச் செம்பும் பித்தளையும் வெளியிட்டபோது, சுல்தானுக்குக் கீழ்ப்படிபவன் ஆண்டவனுக்குக் கீழ்ப்படிகிறான் என்று அவற்றின்மேல் பொறிக்கச் செய்தார். ஸ்வீடனில் பன்னிரண்டாம் சார்லஸின் மந்திரி கோர்ட்ஸ் 1715 முதல் அடித்த செம்புக் காசுகளில், பழைய ரோமானியத் தேவதைகளும் 'பொதுநம்பிக்கை' என்ற சொல்லும் இடம்பெற்றன. அரசர் யுத்தகளத்தில் மாண்டதும் கோர்ட்ஸின் தலை வெட்டப்பட்டது. இவர்களுள் துக்ளக்கின் நடத்தை ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. கள்ளக் காசு பெருகித் திட்டம் தோற்றதும், கொண்டுவந்த செம்பையெல்லாம் கஜானாவிலிருந்து வெள்ளி கொடுத்து அவர் மீட்டுக்கொண்டார். மீட்ட செம்பு துக்ளகாபாத்தில் மலையாகக் குவிந்து கிடந்ததாகச் சரித்திராசிரியர் பரணி எழுதியிருக்கிறார். துக்ளக்குக்கு மீட்கக் கஜானா இருந்தது. ஜேம்ஸுக்கு இருந்ததெல்லாம் மீட்கும் எண்ணம்.

பாயின் நதிக்கரையில் 1690 ஜூலை முதல் தேதியன்று வில்லியத்தின் சேனை வென்றது. ஜேம்ஸ் டப்ளினுக்கு ஓடி, அங்கிருந்து கடற்கரைக்கு ஓடி, கப்பலேறிப் பிரான்ஸ் சேர்ந்தார். 1701-இல் அங்கேயே காலமானார். டப்ளினைப் பிடித்த வில்லியம் ஜூலை 10-இல் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கிரௌனும் பெரிய அரைக்கிரௌனும் இனி ஒரு பென்னி. சிறிய அரைக்கிரௌன் முக்கால் பென்னி. பெரிய ஷில்லிங் அரைப் பென்னி. சிறிய ஷில்லிங்கும் ஆறு பென்னிக் காசும் கால் பென்னி. 1691 பிப்ரவரியில் அந்த மதிப்பும் போய்க் காசு அறவே செல்லாததாயிற்று.

வில்லியத்தின் இந்தப் பட்டியலை, காசை அதன் உண்மையான உலோக மதிப்புக்கு இறக்கிய நியாயமான காரியம் என்றே பலர் எழுதியிருக்கின்றனர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. ஒரு பெரிய அரைக்கிரௌனின் எடை, அயர்லாந்தில் அதற்கு முன் வழங்கிய செம்பு அரைப்பென்னிகள் இரண்டின் எடைக்கு ஏறக்குறைய ஒத்தது; ராத்தலுக்குச் சுமார் முப்பது காசு நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு பென்னி என்றால், நான்கு பென்னி பெறும் உலோகத்துக்கு முப்பது பென்னி என்றாகிறது. எனவே வில்லியமும் உலோகத்தை நிறுத்து விலை சொல்லவில்லை. சில்லறைக் காசுக்கு அரசாங்க முத்திரை தரும் மதிப்பையே தந்தார். முத்திரையை நம்பி உலோகத்துக்குமேல் மதிப்பு வைப்பது குற்றமென்றால், அக்குற்றத்தில் இரு அரசர்களுக்கும் பங்குண்டு. அளவில் மட்டுமே வேறுபாடு. அந்த அளவு சிறிதன்று என்பதையும் சொல்லவேண்டும். மேலும், அப்பட்டியலில் நஷ்டம் எல்லோருக்கும் ஒரே வீதத்தில் விழவில்லை. பெரிய ஷில்லிங் வைத்திருந்தவனுக்கு இருபத்து நான்கில் ஒரு பங்கு தேறியது. புதிய கிரௌன் வைத்திருந்தவனுக்கு அறுபதில் ஒரு பங்குதான். காசை முன்னமே பெற்றவனைவிடப் பின்னால் பெற்றவன் அதிகம் இழந்தான்.

பின்னால் பெற்றவர்கள் யார்? 1690-இன் கோடையில் கிரௌனும் சிறிய அரைக்கிரௌனும் பாய்ந்த வழி, அக்கசாலையிலிருந்து சேனையின் சம்பள மேசைக்கும், அங்கிருந்து முகாமைச் சுற்றிய சந்தைகளுக்கும் சென்ற வழி. மொத்தம் பத்து லட்சம் பவுனுக்குக் குறையாத முகமதிப்புள்ள காசு வெளிவந்ததாக மதிப்பிடப்படுகிறது. அதில் பெரும்பங்கு தோற்ற நாளன்று எங்கே தங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், ஜேம்ஸை எதிர்த்தவர்களின் பெட்டியைவிட, அவரை நம்பி ஆயுதம் எடுத்தவர்களின் பையிலும் அவர்களுக்கு உணவு விற்றவர்களின் முந்தானையிலும்தான் அது மிகுதியாக இருந்திருக்கவேண்டும் என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது. கிங்கின் நூலில் புராட்டெஸ்டண்டு வியாபாரியின் நஷ்டத்துக்குப் பக்கம் பக்கமாக இடமுண்டு. ஜேம்ஸின் சிப்பாய் தன் நஷ்டத்தை எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் அவனுக்காக எழுதவும் இல்லை. மோசடியா வாக்கா என்ற விவாதம் முழுவதும் கொடுத்தவரின் மனத்தைச் சுற்றியே நடந்துவிட்டதால், வாங்கியவனின் கை மறந்துபோயிற்று.

வென்ற கட்சியோ நினைவில் வைத்துக்கொண்டது. அயர்லாந்துப் புராட்டெஸ்டண்டுகளின் விருந்துகளில், கத்தோலிக்க ஆட்சியினின்றும், அடிமைத்தனத்தினின்றும், பித்தளைக் காசினின்றும், மரச் செருப்பினின்றும் தங்களை மீட்டவர் என்று வில்லியத்தை வாழ்த்திக் குடிப்பது பல தலைமுறைகளுக்கு வழக்கமாக இருந்தது. 1722-இல் வில்லியம் வுட் என்ற ஆங்கிலேயர், பதினான்கு ஆண்டுகளில் 360 டன் செம்பை அரைப்பென்னியும் கால்பென்னியுமாக அடித்து அயர்லாந்தில் விடும் உரிமையை லண்டனில் பெற்றபோது, அந்தப் பழைய பயம் புதிய உயிர் பெற்றது. ஜோனதன் ஸ்விஃப்ட் ஒரு துணிக்கடைக்காரர் பெயரில் கடிதங்கள் எழுதி மக்களைத் திரட்டியது இலக்கியம் படித்தோர் அறிந்ததே. அவரோடு தோள் சேர்த்து வுட்டின் காசை எதிர்த்தவர்களுள், அப்போது டப்ளினின் ஆர்ச் பிஷப்பாக உயர்ந்திருந்த அதே வில்லியம் கிங்கும் ஒருவர். அன்று கத்தோலிக்க அரசரின் பித்தளையைக் கண்டித்தவர், இன்று புராட்டெஸ்டண்டு அரசரின் முத்திரை பெற்ற செம்பையும் அதே உறுதியோடு கண்டித்தார். அவருடைய நேர்மைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. முன்னர் அவர் எழுதியதை நான் முழுவதும் தள்ளாமைக்கு இதுவும் ஒரு காரணம். 1725-இல் வுட்டின் உரிமை திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் பீரங்கிக் காசின் சொந்த வரலாறு முடிந்த இடம் லிமெரிக். பாயின் தோல்விக்குப் பிறகும் ஜேம்ஸின் கட்சியார் அந்நகரின் மதில்களுக்குள் மேலும் ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தனர். 1690 ஆகஸ்டில் வந்த முதல் முற்றுகையை முறியடித்தனர். அக்டோபர்வரை மாதம் பொறித்த காசுகளையும் அடித்தனர். அரசர் கடல் கடந்து போய்விட்டார். அவருடைய தலையைத் தாங்கிய காசு மட்டும் அங்கே வந்துகொண்டிருந்தது. 1691-இல், அந்த ஆண்டு அக்டோபரில் உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு முன், அவர்கள் கையில் இருந்த ஷில்லிங்குகளை மறுபடியும் அச்சின்கீழ் வைத்தார்கள். பெரிய ஷில்லிங் அரைப்பென்னி ஆயிற்று. சிறிய ஷில்லிங் கால்பென்னி ஆயிற்று. எதிரி டப்ளினில் எந்த மதிப்பை அறிவித்தாரோ, அதே மதிப்புக்குத் தங்கள் அரசரின் வாக்கை அவர் விசுவாசிகளே இறக்கிக்கொண்டார்கள்.

இந்த லிமெரிக் அரைப்பென்னியில் அரசரின் தலையும் பெயரும் மாறவில்லை. மறுபுறத்தில் செங்கோலும் மணிமுடியும் மாதமும் போய், ஒரு கையில் சிலுவை ஏந்தி, மறு கையை யாழின்மேல் ஊன்றி அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணுருவும், சுற்றிலும் அயர்லாந்தின் லத்தீன் பெயரும் வந்திருக்கின்றன. அச்சு வெட்டியவர் அவசரத்தில் இருந்தார் போலும். பல காசுகளில் அப்பெயரிலுள்ள ஓர் எழுத்து இடம்வலம் திரும்பி நிற்கிறது. அடி சரியாக விழாத காசு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்தால், அவளுடைய முழங்காலுக்குக் கீழே, முற்றிலும் நசுங்காமல், குறுக்கிட்ட செங்கோல்களின் ஒரு நுனியும், பன்னிரண்டு என்ற பழைய எண்ணின் இரண்டு கோடுகளும் இன்னும் தெரிகின்றன.